ஒன்று புள்ளி நான்கு

சேர்மக்கனியிடம் இரவல் வாங்கியது
இந்த டெலிகன்வர்ட்டர்.
கூந்தன்குளத்து நாரைகளுக்கென்று
அவன் வைத்திருப்பது.
நான் மாட்டியது பறக்காத ஒன்றுக்காக:
மேலச்செவலுக்குக் கிழக்கே
முப்பதாயிரம் லிட்டர் குடிநீர்த் தொட்டி.
கட்டி மூன்று வருஷம்.
சாய்கிறதா இல்லையா என்று புகார்.

கன்னடியன் கால் கரைமுட்டி ஓடுகிறது.
அக்கரையில் தொட்டி, இக்கரையில் நான்,
முழங்கால்வரை வாழைச்சேறு.
என் டில்ட்-ஷிப்ட் லென்ஸ் இருபத்துநாலு எம்.எம்.
அதில் தொட்டி ஒரு தீக்குச்சி,
மிச்சமெல்லாம் மேகம்.
கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இதைத் திருகினேன்.
முப்பத்துநாலு ஆனது.
தீக்குச்சி தூணானது.
அதற்கு வட்டி
பாதி வெளிச்சம்.

ஆடிக் காற்றில் இலைகள் நாராகின்றன.
ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடுகிறது;
தோப்பு முழுக்கப் பச்சைப் புகை.
சிமெண்ட் மட்டும் அசையவில்லை.

காண்ட்ராக்டர் ஆவுடையப்பன்
பைக்கிலிருந்து இறங்காமலே போனை நீட்டினார்.
"பாரும் வே, நேத்து ஒருத்தன் எடுத்தது.
மல்லாக்க விழுதுங்கான்.
அண்ணாந்து எடுத்தா
நெல்லையப்பர் கோபுரமே மல்லாக்கத்தான விழும்?"

நியாயம்தான்.
நான் அண்ணாந்து எடுக்கவில்லை.
கேமராவை ரசமட்டத்தில் நிறுத்தி
லென்ஸை மட்டும் மேலே ஏற்றினேன்,
பன்னிரண்டு எம்.எம்., அது போகிற எல்லைவரை.
மின்கம்பம் நேர்.
பள்ளிக்கூடச் சுவர் நேர்.
தொட்டி
தெற்கே ஒரு நூல்.

இறங்கி வந்து பார்த்தார்.
"அந்தத் திருகாணிய இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா
நிமிராதா?"
"ஏறும், எறங்கும். நிமிராது."
"அப்போ அந்த இன்னொண்ணு?"
"அது டில்ட். தெளிவு எங்க விழணும்னு சொல்றது.
வேணும்னா தொட்டிய மங்கலாக்கலாம்."
கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தார், பாவம்.

சாரல் பிடித்தது.
இளநிலைப் பொறியாளர் பிரம்மசக்தி
துப்பட்டாவைக் கூரையாக்கி
திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்.
தொட்டியின் விளிம்பில் ஊதாக் கோடு.
"இது விரிசலா?"
இல்லை மேடம், கண்ணாடியின் குற்றம்.
ஓரம்வரை தள்ளினால் லென்ஸ் கொஞ்சம் நொண்டும்.
கன்வர்ட்டர் எல்லாவற்றையும் பெருக்கும்,
தொட்டியை, சாய்வை, நொண்டலை,
ஒன்று புள்ளி நான்கால்,
ஆள் பார்க்காமல்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

பம்ப்செட் அறைக்குள் போய்
மோட்டார் மேல் தாளை வைத்து எழுதினேன்:
கோப்பில் இருபத்துநாலு என்றிருக்கும்.
நடுவில் ஒருவன் இருந்தது கேமராவுக்குத் தெரியாது.
முப்பத்துநாலு என்று வாசிக்கவும்.
ஊதா என்னுடையது.
சாய்வு தொட்டியுடையது.
கையெழுத்து, தேதி, செல் நம்பர்.

கழற்றப் போகும்போது
எங்கிருந்தோ ஒரு நாரை
தொட்டியின் தலையில் வந்து நின்றது,
ஒற்றைக் காலில், ரசமட்டம் பார்த்ததுபோல.
சேர்மக்கனிக்கு வாடகையாக
அதையும் ஒன்று எடுத்தேன்.
கழுத்தோரம் ஊதா.