அடுத்த வரி

ஒரு சொல்லின் பொருளை நீயாகச் சொல்லிவிடாதே
என்று கலாசாலையில் படிப்பித்தார்கள்.
பக்கத்துச் சொற்களிடம் விசாரிக்கச் சொல்,
வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்,
பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்.

நிற்கிறேன்.
நெடுங்கேணியிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீற்றர்.
தரம் மூன்றில் பதினொரு பேர்,
இன்றைக்கு எட்டு.
விடியப்புறம் துருசடியில் தனியன் நின்றதாம்,
அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரவில்லை.

முப்பத்திரண்டாம் பக்கம்.
மிதுர்சிகா விரலை ஊன்றி ஊன்றி வாசிக்கிறாள்,
சேற்று வரம்பில் நடக்கிறவள்போல:
"கோட்டையைச் சுற்றி ஆழமான அகழி இருந்தது.
பகைவர் எவராலும் அதைக் கடக்க முடியவில்லை."

அகழி.
நேற்றிரவே அட்டையில் எழுதி
பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன்,
ழகரத்தைக் கொஞ்சம் பெரிதாக.
பின்பக்கம் வெறுமை.
அதை நிரப்புவது அவர்கள் பாடு.

"கரண்ட் வேலி, ரீச்சர்!"
கபிலாசன் வாங்கில் ஏறாத குறை.
"ஆழமான வேலி எங்கயடா இருக்கு?"
புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் அபிசனா.
தலையைச் சொறிந்தபடி அவன் இருந்துவிட்டான்.
ஒரேயொரு சொல்
ஒரு முழு வேலியைப் பிடுங்கிப் போட்டதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப பங்கர்."
பின்வாங்கிலிருந்து துசியந்தன்.
"அம்மா சொன்னவ. ஆழமா வெட்டி,
மேல மரக்குத்தி அடுக்கி..."

எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரிந்த சொல்.
ஈரமண் வாசம், முழங்காலில் நாடி,
தங்கச்சியின் இருமலைப் பொத்திய கை.
எந்தப் பக்கத்திலும் வாசித்துப் பழகியதில்லை அதை.
சோக்கட்டியை மேசையில் வைத்தேன்.
திரும்ப எடுத்தேன்.

"இல்லை," என்றாள் அபிசனா.
"சுற்றி எண்டெல்லோ கிடக்கு.
பங்கருக்குள்ளதான் ஆக்கள் இருப்பினம்.
இது ஆக்களைச் சுற்றி இருக்கு."
துசியந்தன் வாய்க்குள் ஒருமுறை வாசித்தான்.
"ஓம் என்ன," என்றான்.
அவ்வளவுதான்.
அழிறப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு,
காது குடையத் தொடங்கினான்.

"யானைக்கு வெட்டின கிடங்கு."
அதுவரை பேசாமலிருந்த கிருசிகன்.
"அப்பாவும் வெட்டப் போனவர். வயலைச் சுற்றி.
மாரிக்குத் தண்ணி நிண்டது. தவளையும்."

எட்டுப் பேரும் அந்தக் கிடங்கைத் தூக்கி
வரிக்குள் இறக்கிப் பார்த்தார்கள்.
சுற்றி, சரி. ஆழம், சரி.
கடக்க ஏலாது, சரி.
"தவளை எங்க?"
"அதுவும் இருந்திருக்கும். எழுதேல்லை."

அட்டையின் பின்பக்கத்தை நான் திருப்ப,
மிதுர்சிகா கேட்டாள், விரல் இன்னும் வரியில்:
"ரீச்சர், பகைவர் எண்டா ஆர்?
யானையோ?"

அதற்கு நான் அட்டை வெட்டவில்லை.
இந்த ஊரில் அதை யாரும்
வாசித்தா அறிய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.
எட்டு முகங்களையும் பார்த்தேன்.
ஒருவருக்கும் தெரியவில்லை.

பொருள் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது,
பெயரோடு, உடுப்பின் நிறத்தோடு.
விழுங்கினேன்.
கலாசாலை சொல்லித் தந்ததைச் சொன்னேன்:
"அடுத்த வரியை வாசியுங்கோ. அது சொல்லும்."

அடுத்த வரியில்
அரசன் தேரேறி வேட்டைக்குப் போய்விட்டான்.
அதற்கடுத்த வரியில் ஒரு மான்.

தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள்.

வீட்டுவேலை: அகழி என்ற சொல்லை வைத்து வசனம்.
கபிலாசனின் கொப்பியில் இப்படி இருந்தது:
"எங்கள் வீட்டைச் சுற்றி அகழி இல்லை.
நாய் இருக்கிறது. அது எல்லாரையும் உள்ளே விடும்."

'நாய்' என்பதில் குற்று விடுபட்டிருந்தது.
அதை மட்டும் வைத்துக் கொடுத்தேன்.