தலைக்கு இருபத்திரண்டு வெள்ளி

ஆலைக் கணக்கில் நான் ஒரு சென் தவறியதில்லை.
குலை ஏற்றி வரும் லாரியை எடைமேடையில் நிறுத்தி
லாரியைக் கழித்து, ஈரம் கழித்து, பழுக்காத குலை கழித்து
மிச்சத்தை எழுதும் கை இது.

இன்றிரவு அதே பேனா,
அதே நீலக்கட்டம் போட்ட நோட்டு.
மேலே மட்டும் என் பெயரும் யுகேந்திரன் பெயரும்.

அம்மா எதிரில், முழங்காலில் மின்யாக் தேய்த்தபடி
"எழுது" என்கிறாள்.

கோலகெட்டில் டேவான்
ஏர்கோனோடு இரண்டாயிரத்து நானூறு
இல்லாமல் ஆயிரத்து அறுநூறு.
எண்ணூறு வெள்ளிக்காக வியர்க்கட்டுமே என்கிறான் தம்பி.
வியர்த்தால் மேக்கப் கரையும்,
மேக்கப் தொள்ளாயிரம்.
பார்க்கப்போனால் ஏர்கோனில் நூறு வெள்ளி லாபம்.

தாலி மாப்பிள்ளை வீடு.
கொடி யார் வீடென்று
பரிசத்தன்று யாரும் கேட்கவில்லை.
கேட்காத கேள்விக்கு
சுங்கைப்பட்டாணி நகைக்கடைக்காரர்
தினம் ஒரு பதில் வைத்திருக்கிறார்.
அதைப் பென்சிலால் எழுதினேன்.

சாப்பாடு தலைக்குப் பதினெட்டு,
ஆடு சேர்த்தால் இருபத்திரண்டு.
"ஆடு" என்றார் அப்பா வாசலிலிருந்தே.
அதற்கு மேல் பேசவுமில்லை
உள்ளே வரவுமில்லை.

அம்மாவின் பட்டியலில் ஐநூற்றுப் பதினேழு பெயர்.
ஒன்றை அடித்தால் இருபத்திரண்டு மிச்சம்.
செத்துப்போன குப்புராஜ் மாமாவை முதலில் அடித்தேன்.
"அவர் பொண்டாட்டி வரும்ல?"
மூன்று வருடமாய் என் சம்பளத்தை ஏற்றாத மேனேஜரை அடித்தேன்.
"நாளைக்கும் அங்கதானே வேலை?"
பக்கத்து வீட்டு மாக் சிக் ரோகாயாவை
யாரும் தொடவில்லை;
அவளுக்காகக் கறி ஹலால் கடையில்,
பத்து வெள்ளி கூட, எழுது.

பிறகு மொய் நோட்டு வந்தது.
இருபத்தாறு வருடம்,
எந்தக் கல்யாணம், எத்தனை வெள்ளி,
ஓரிடத்தில் "மேசை விசிறி ஒன்று".
எட்டாயிரத்து நானூற்று அறுபது என்று கூட்டி வைத்திருக்கிறாள்.
வரவில் எழுதச் சொல்கிறாள்.
தோட்டத்தை விற்ற அன்று
பாதிப் பேர் ஜொகூர் பக்கம் போய்விட்டார்கள்.
தொண்ணூற்றெட்டில் கொடுத்த பத்து வெள்ளி
இன்று அரைத் தட்டுச் சோறுகூட இல்லை.
வாராக் கடன் என்று ஆலையில் இதற்கு ஒரு பத்தி உண்டு.
அம்மாவிடம் அந்தச் சொல்லை
எப்படிச் சொல்வது?
விசிறியை மட்டும் வரவில் எழுதினேன்.
சிரித்தாள், கொஞ்சம்.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார்.
நோட்டின் மேல் ஒரு தாளை வைத்தார்.
கோப்பராசி கடன்,
மாதம் இருநூற்றுப் பத்து, எட்டு வருடம்.
அவர் ஓய்வுபெற ஐந்து வருடம்.
எட்டில் ஐந்து போனால் மூன்று.
அந்த மூன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
முப்பத்தாறு மாதம், ஏழாயிரத்து ஐநூற்று அறுபது.
தாலி ஏறிய பிறகு என் சம்பளம் எந்த வீட்டு வரவு?
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலை.
இடைவேளையில் யுகேந்திரன் கூப்பிட்டான்.
"டிஜே வேணாம், கேக் வேணாம், சிம்பளா செய்வோம்" என்றான்.
மனம் லேசானது.
"எங்க பக்கம் முந்நூறு பேர்தான்."

முந்நூறு.
தம்பி கால்குலேட்டரை என் பக்கம் தள்ளிவிட்டு
தூங்கப் போனான்.

பதினொன்றரை இருக்கும். தகரத்தில் தூறல்.
அம்மா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள்.
அப்பா குனிந்து, விரலால் வரி வரியாய்
தன் பெயரைத் தேடினார்.
"என்னைய எடுத்துரு.
பந்தியில நிக்கிறவன் எப்ப சாப்பிட?"
ஆடு கேட்டவர்.

"எடுத்துட்டேன்பா" என்றேன்.
எடுக்கவில்லை.