பதின்மூன்று ஸ்ரீ

மருதமுனையில், ஈரப்பலா மரத்தின் கீழ்
கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள்.
கழுவின காரை நம்பாதீங்க மிஸ்ஸி என்று
வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் பேரின்பம்.
கழுவாமல் விட்டிருந்தால்
அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார்.

சன்னி. வெள்ளை.
வெள்ளை என்றால் மூன்று வெள்ளை:
பொனட்டில் பால், கதவுகளில் பச்சையரிசி,
டிக்கியில் ஆஸ்பத்திரிச் சுவர்.

இஸ்ஸதீன் காக்கா எல்லாவற்றையும் பேரின்பத்துக்கே சொன்னார்.
எஞ்சின் இன்னும் திறக்கல்ல என்று அவரிடம்.
ஏசிக்குக் காஸ் அடிச்சாப் போதும் என்று அவரிடம்.
என்னிடம், "பிளேன்டீ குடிக்கிறீங்களா?"
காசு என் கைப்பையில் இருந்தது,
பன்னிரண்டு வருடச் சீட்டும்
ஒரு சோடிக் காப்பும்.

பேரின்பம் குந்தியிருந்து அடியைப் பார்த்தார்.
பிறகு சிலிப்பரைக் கழற்றிவிட்டுப் படுத்தே பார்த்தார்.
துரு, என்றது அடியிலிருந்து குரல்.
"கடக்கரைக் கார் துருப் பிடிக்காம இரிக்குமா?"
"சுனாமியில நனைஞ்சதா?"
"வல்லாஹி இல்ல, அப்ப இது கண்டியில."
நான் கம்பளத்தைத் தூக்கி, விரலால் தடவி
நுனிநாக்கில் வைத்தேன். உப்பில்லை.
புளித்த தேங்காயெண்ணெய்.
அப்போதுதான் காக்கா முதல் தடவையாக
என் முகத்தைப் பார்த்தார்.

ஸ்டார்ட் பண்ணியதும் கண்ணை மூடிக்கொண்டேன்.
வயிற்றில் குழல் வைத்து
நிமிஷத்துக்கு நூற்றி நாற்பது எண்ணிப் பழகிய காது.
நாலில் ஒன்று பிந்தி வந்தது.
"மூணாவது பிளக்" என்றேன்.
"நாலாவது" என்றார் பேரின்பம், கழற்றிப் பார்த்துவிட்டு.
சரி. குழந்தையென்றால் பிழை விட்டிருக்க மாட்டேன்.

கடைசியாகக் காந்தம்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றியது, லேஞ்சியில் சுற்றியது.
தகரமென்றால் பிடிக்கும், பட்டியென்றால் நழுவும்.
மட்காட்டில் பிடித்தது. முன்கதவில் பிடித்தது.
பின்கதவில் நழுவியது, பிடித்தது,
நழுவியது, பிடித்தது,
நழுவியது.
ஒரே வரிசையில். இரண்டு ரூபாய்க் குற்றியளவு.

"மாடொண்டு முட்டினது, பாண்டிருப்பில."
"மூணு தரமா?"

பேரின்பம் காந்தத்தை முடிந்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
முன்பக்கக் கதவுகளை அவர் இன்னும் முடிக்கவில்லை,
மற்றப் பக்கம் முழுக்கக் கிடந்தது.
போதும் மிஸ்ஸி, என்றார்.

"நான் எடுக்கக்குள்ளயே அப்பிடித்தான்"
என்று புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார் காக்கா.
ஐந்து பெயர்.
முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் நடுவில்,
தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை,
ஒருவருமில்லை.
பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இருபத்தையாயிரம் குறைங்க" என்றேன்.
வேறென்ன சொல்வது.
அவர் முப்பது குறைத்தார்.

கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில்
ஸ்டியரிங் வாவிப் பக்கம் இழுத்தது.
"எலைன்மென்ட்" என்றார் பேரின்பம்.
பின்கதவுக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்கவில்லை.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு சிக்னல் போட்டேன்.
திரும்பி, வளவுக்குள் வந்து,
மாமரத்தடியில் நின்ற பிறகும்
டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.
அது தானாக நிற்காதாம்.
கையால்தான் நிறுத்த வேண்டும்.