புழுவின் எடை

நிலவில்லாத இரவுகளில்தான் ஒமேனா படும்.
ம்பிட்டா படகுக்காரர்கள் விளக்குகளை மிதக்கவிட்டு
ஏரிக்குள் ஒரு பொய்யூரைக் கட்டுகிறார்கள்.
குடியேற வந்ததெல்லாம்
விடியும்போது வலையில்.

என் வேலை, நூறு மீன் எண்ணி எடுப்பது.
எதுவும் விரல் நீளம்கூட இல்லை.
பதினேழாவது, வயிறு முட்டி நின்றது.
வெளியே பார்த்து எழுதச் சொன்னால்
சினை என்றுதான் எழுதியிருப்பேன்.

நான் கத்தரியைத் தேடுவதற்குள்
அபோண்டி கட்டைவிரல் நகத்தால் கீறிவிட்டாள்.
வந்தது ஒரு நாடா.
வெள்ளை, தட்டை,
உருவ உருவ நீண்டு
மீனையும் தாண்டி,
இன்னும் நெளிந்துகொண்டு.
சினைப்பை இருக்கவேண்டிய இடத்தில்
கசங்கிய இழை ஒன்று.

"வாடகை தராத குடித்தனம்"
என்றாள் அபோண்டி.

மீன்: ஒன்றேகால் கிராம்.
அதில் புழு: கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல்.
இருபத்திரண்டிலும் இருந்தது.
பிறகு வெகுநேரம் எதுவுமில்லை,
நல்ல ஏரி என்று நினைக்கத் தொடங்கியபோது
அடுத்தடுத்து மூன்று.

இது கொல்வதில்லை.
கொன்றால் அதற்குத்தான் நட்டம்.
தின்னவிடுகிறது, நீந்தவிடுகிறது,
முட்டையிட மட்டும் விடுவதில்லை.
ஒருநாள் கூட்டத்திலிருந்து மெல்லப் பிரித்து
மேல்தண்ணீருக்குக் கொண்டுவருகிறது.
அங்கே வெயில் இருக்கிறது.
நீர்க்காகமும் இருக்கிறது.
நிழல் விழுந்ததும் மற்றவை சிதற,
இது ஒரு நொடி தாமதிக்கிறது.
அந்த நொடிக்காகத்தான்
இத்தனை மாதம் உள்ளே மடிந்து கிடந்தது.

பறவைக் குடலில் அதற்குச் சில நாள்தான் ஆயுசு.
அதற்குள் இட்டுவிடுகிறது,
மீனுக்கு மறுத்த முட்டைகளை.
எச்சம் ஏரியில் விழுகிறது.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைத் தின்ன,
அதை ஒமேனா தின்ன.

அபோண்டி மிச்சத்தை மணல்மேல் விரித்த வலையில் கொட்டுகிறாள்.
மாலைக்குள் மீனும் புழுவும் ஒரே நிறத்தில் காயும்.
கிசுமு வியாபாரி தகரடப்பாவால் அளப்பான்.
டப்பாவுக்கு உள்விவரம் தேவையில்லை.

"உன் நூறுக்குப் புழுவைக் கழித்துத்தான் காசா?"
"இல்லை, நூறுக்கும் முழுசாக."
"அப்படியானால் புழு இனாம்."
சிரித்தபடி நாடாவைக் கோழிக்கு எறிந்தாள்.
அவளுக்கு இந்த வருடம் வலை பாதிதான் நிறைகிறது.
அதைச் சொல்லும்போதும் அதே சிரிப்பு.

தட்டைத் துடைக்கிறேன், அடுத்த மீனுக்காக.
எண்கள் சுழியத்தில் நிற்க மறுக்கின்றன.
குனிந்து பார்த்தால்,
ஓரத்தில் அறுந்த துண்டொன்று
இன்னும் அசைகிறது.