முள் நிற்காத தராசு

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள் என்றேன்.
என் கெச்சுவா அரைகுறை.
அவள் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.
தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டேன்.
பசை சில்லென்றிருக்கும் என்று சொல்வதற்குள்
"மலையில் இதைவிடக் குளிர்" என்றாள்.

செனோபியா கோண்டோரி, ஐம்பத்தெட்டு வயது.
கொச்சபம்பாவில், லா கன்ச்சா சந்தையில் வெங்காய வியாபாரம்.
இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள்:
ஒருமுறை மூட்டையின்மேல்,
ஒருமுறை பேருந்துப் படியில்.
"மூட்டையே தேவலை."

ஈ.சி.ஜி. தாளில் வலக்கிளையில் தடை.
ரத்தப் பரிசோதனையில் வின்சூக்காவின் பழைய கையெழுத்து.
மண்சுவர் வெடிப்பிலிருந்து இரவில் இறங்கி
ஒன்பது வயதுப் பெண்ணின் கன்னத்தில் கடித்த பூச்சி
நாற்பத்தொன்பது வருடம் கழித்து
வட்டிக்கு வந்து நிற்கிறது.

விளக்கை அணைத்தேன்.
விலா எலும்புகளின் சந்தில் கருவியை அழுத்த
திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் அறை,
விரிவதும் சுருங்குவதுமாய்.
வால்வுகள் ஒழுங்காகக் கைதட்டுகின்றன.
நுனிதான் சரியில்லை.
மற்றச் சுவரெல்லாம் உள்ளே வரும்போது
அது மட்டும் வெளியே புடைக்கிறது,
ஊர்வலத்துக்கு எதிரே நடக்கும் குடிகாரன் மாதிரி.

சிவப்பு, என்னை நோக்கி வரும் ரத்தம்.
நீலம், விலகிப் போவது.
நல்ல ரத்தம் கெட்ட ரத்தம் என்பதெல்லாம் இல்லை,
திசை மட்டும்.

பிறகு கணக்கு.
நிறைந்த நொடியில் உள்விளிம்பைச் சுற்றி ஒரு கோடு.
சுருங்கிய நொடியில் இன்னொன்று.
கழித்து வகுப்பது இயந்திரம்.
கோடு போடுவது
காலையிலிருந்து பதினோரு நெஞ்சு பார்த்த
என் கை.

முப்பத்தாறு.
மறுபடி வரைந்தேன். முப்பத்துநான்கு.

சுவரில் ஒட்டியிருக்கிறது விதி:
முப்பத்தைந்து, அல்லது அதற்குக் கீழே என்றால்
தோளுக்கடியில் வைக்கும் கருவிக்குப் பெயர் எழுதலாம்.
மேலே என்றால் மாத்திரை, ஆறு மாதம், மறுபடி வா.
இரண்டாவது கோட்டை ஒரு மயிரிழை வெளியே தள்ளினால் போதும்.
இருட்டு அறை. யாரும் பார்க்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.
நூற்றுக்கு முப்பத்தைந்து பக்கம்.
"மீதி எங்கே போகிறது?"
எங்கும் போகவில்லை, உள்ளேயே நிற்கிறது.
"உனக்கு எவ்வளவு?"
அறுபது இருக்கலாம்.
"நூறு இல்லையா?"
யாருக்கும் நூறு இல்லை.

யோசித்தாள். அந்த நேரத்தில்
இதயம் ஏழெட்டு முறை துடித்ததைப் பார்த்தேன்.
"சரிதான். மூட்டையை ஒரேயடியாய்க் கவிழ்க்கிறவள்
மத்தியானமே கடையைக் கட்டிவிடுவாள்.
அடியில் கொஞ்சம் வைக்கணும்.
நான் கொஞ்சம் கூடுதலாய் வைத்துவிட்டேன், கசேரா."

மூன்றாம் முறை.
மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள்.
நானும் நிறுத்தினேன்.
சுவர் தெரிந்த இடத்தில்தான் கோடு போனது,
அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.
முப்பத்தாறு.

சராசரி முப்பத்தைந்து புள்ளி மூன்று.
படிவத்தில் இரண்டே கட்டம்,
புள்ளிக்கு இடமில்லை.
முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
கையெழுத்து கொஞ்சம் பெரிதாய் விழுந்தது.

பாவாடை விளிம்பால் பசையைத் துடைத்தபடி
திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்கள் தராசில் முள் நிற்கிறவரை விலை சொல்லமாட்டோம்.
நீ ஆட ஆட எடை போடுகிறாய்."
அது நின்றுவிட்டால், என்று ஆரம்பித்தேன்.
மேலே வார்த்தை வரவில்லை, எந்த மொழியிலும்.
அவளுக்குப் புரிந்து, கட்டில் ஆடச் சிரித்தாள்.

தொப்பியை வைத்துக்கொண்டு
கழிப்பறை எந்தப் பக்கம் என்றாள்.
இடப்பக்கம் என்றேன்.
வலப்பக்கம் போனாள்.
அப்போதுதான் உறைத்தது,
காலையிலிருந்து அத்தனை பேரிடமும்
அந்த ஒரு சொல்லைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.