மேற்படி

ஏற்காட்டில் படகுத்துறை பக்கம் அல்ல,
நாகலூர் ரோட்டில்,
காப்பிக்கொட்டை காயும் களத்துக்குப் பின்னால்
ஒரு மோட்டார் ஷெட்.
ராத்திரி எட்டரை.

எஸ்டேட் ரைட்டர் சவரிநாதன் நீட்டினார்
செத்துப்போன டிவியின் ரிமோட்டை.
"இதை அமுக்குற வரைக்கும் தண்ணி ஏறணும் தம்பி.
விட்டா நிக்கணும்.
டேங்க் வழிஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்க.
சரிவுல காட்டெருமை நிக்குது,
இறங்கி வர முடியாது."
அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஷெட்டில் பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ்.
ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிய
மூன்று கால் கறுப்புக் கண்.
முதல் பதில்: அனுமதி மறுக்கப்பட்டது.
குழுவில் என் பெயரைச் சேர்த்து,
வெளியே போய் மறுபடி உள்ளே வந்தேன்.
பெண் பார்க்கப் போன வீட்டில்கூட
இத்தனை விசாரிக்கவில்லை.

பிறகு 'ரீட்' என்று ஒரு வரி.
அந்த வரி அப்படித்தான்,
ஏதாவது வரும்வரை அங்கேயே படுத்துத் தூங்கும்,
அமுக்கினால்தான் விழிக்கும்.

மேலே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அமுக்கினார்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
போன் கேமராவை நீட்டினால்
அவர் கை இருக்கும் இடத்தில் ஊதாவாய்ச் சிமிட்டல்.
திரையில் இருபத்துநான்கு பைட்:
எந்த நேரம், எந்தப் பொத்தான், கூடவே ஒரு எண்.
ஒன்று என்றால் அமுக்கியாயிற்று.
இரண்டு என்றால் இன்னும் விடவில்லை.
பூஜ்யம் என்றால் விட்டாயிற்று.

மோட்டார் உறுமியது. குழாய் இருமியது.
நான் ஒரு பீடி பற்றவைத்தேன்.

பனி இறங்கியதும் கோளாறு.
ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
மோட்டார் விக்குகிறது.
"வெரலையே எடுக்கல தம்பி!"
வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

பூஜ்யத்தை யார் எழுதுகிறார்கள் என்று தேடப் போனேன்.

ஒன்பது மில்லி விநாடி ஒளி,
நாலரை இருட்டு,
அது தொண்டையைக் கனைத்துக்கொள்வது.
பிறகு பொத்தானின் பெயர், ஒரே ஒரு தடவை.
அப்படியே பிடித்திருந்தால் பெயரைத் திரும்பச் சொல்வதில்லை;
கிரையப் பத்திரத்தில் எழுதுகிற மாதிரி
மேற்படி, மேற்படி, மேற்படி.

விட்டுவிட்டேன் என்று மட்டும்
இந்த ரிமோட் சொல்லவே சொல்லாது.
அதற்கொரு சொல்லை இதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை.
கொஞ்ச நேரம் மேற்படி வராவிட்டால்
கெர்னல் தானாகவே ஒரு பூஜ்யம் போட்டு
நம்மிடம் தள்ளிவிடுகிறது,
சாட்சிக் கையெழுத்து இல்லாமல்.

சேலத்தில், ஐந்து ரோட்டருகே
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை,
எனக்கும் கமருதீனுக்கும்.
இருநூறு அநாதை ரிமோட்டுகள்.
எந்த ரப்பரில் எந்த எண் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து
அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பான்.
பாதிக்கு மேல் சரியாக இருக்கும்.
மாசியில் ஊருக்குப் போனான்.
சண்டை கிண்டை இல்லை.
கணக்கு நோட்டில் அவன் கையெழுத்தில் கடைசி வரி
'மேற்படி, 350.'
அப்புறம் அவன் கூப்பிடவில்லை, நானும்.
ஆனியில் போர்டைக் கழற்றினேன்.
ஸ்குரூ துருப்பிடித்திருந்தது, அரைநாள் ஆனது.

எவ்வளவு பொறுப்பது என்பது
கடைசியில் ஒரு எண்தான்.
பூஜ்யம் வந்ததும் நம்பிவிடாதே,
ஒரு விநாடி நில் என்று எழுதினேன்.
ஏன் ஒன்று, ஏன் மூன்று இல்லை
என்று கேட்டால் பதில் கிடையாது.

இப்போது தண்ணீர் ஏறுகிறது.
பனி வந்து போகிறது, மோட்டார் கண்டுகொள்ளவில்லை.
டேங்க் நிறைந்ததும் அவர் விரலை எடுத்திருக்க வேண்டும்;
எனக்கெப்படித் தெரியும்,
போன் திரையில் ஊதாவைக் காணோம்.
மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
யாரும் அமுக்காத அந்த ஒரு விநாடி.

"ஒரு குடம் வழிஞ்சுபோச்சு தம்பி!"
இருக்கட்டும் என்றேன்.
அவருக்குக் கேட்டிருக்காது.