எண்ணெய் ஊறிய தாள்

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருந்தாலும்
வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
செம்பனை ஆலையின் சங்கு ஓய்ந்த பிறகு
பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
காக் ரொஸ்னாவின் வாணலி பேசத் தொடங்கும்.
மூன்று வெள்ளிக்கு ஐந்து பீசாங் கோரேங்.

நான்காவதை எடுக்கும்போதுதான்
பொட்டலத்தில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

'பெறப்பட்டது' என்று நான் குத்திய சிவப்பு முத்திரை,
அதன்மேல் சாய்வாக நான்.
கீழே யாப் உரக்கடையின் விலைப்புள்ளி:
டன்னுக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
வங்கிக் கணக்கு எண்ணில்
கடைசி மூன்று இலக்கத்தை மட்டும்
எண்ணெய் தின்றிருந்தது.

கொள்முதல் கிராணி நான். பத்தொன்பது வருஷம்.
மாதம் தவறாமல் பாஸ்வேர்ட் மாற்றுகிறவள்,
பாதி எழுத்து, பாதி எண், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.
ஒட்டிய உறைகள் நாள் வரும்வரை இரும்புப் பெட்டியில்;
பூட்டு இரண்டு,
சாவி ஒன்று என்னிடம், மற்றது மேனேஜரிடம்.
இன்னோர் உரக்காரர் குணாளன்
தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வந்து
"யாப் எவ்வளவு போட்டிருக்கான், சும்மா சொல்லுங்களேன்" என்றபோது
டின்னையும் கேள்வியையும் சேர்த்தே திருப்பி அனுப்பியவள்.
"கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணில் பணம் போடவும்" என்று
யாப் பெயரில் மின்னஞ்சல் வந்த அன்று
அதிலிருந்த நம்பரைத் தொடாமல்
பழைய நோட்டில் இருந்த நம்பருக்கு அழைத்தேன்.
"நான் ஒண்ணும் மாத்தலையே!" அவர் குரல் நடுங்கியது.
எழுபதாயிரம் வெள்ளி
அந்த ஒரு போனில் நின்றது.

இத்தனைக்கும் பிறகு
பின்கதவு வழியாக
பழைய பேப்பர்க்காரனுக்கு
கிலோ இருபது சென்னுக்குப் போயிருக்கிறது எல்லாம்.
அலமாரியை ஒழித்தது நான்தான்.
கட்டியதும் நான். தராசு முள்ளைக் குனிந்து பார்த்ததும்.
இருபத்து மூன்று கிலோ. நாலு வெள்ளி அறுபது.
ஆபீசில் எல்லாரும் தே தாரேக் குடித்தோம்.

"இந்தத் தாள் இன்னும் இருக்கா, காக்?"
ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்தாள்.
நல்ல தாள், தடிப்பு, எண்ணெய் இறங்காது என்றாள் மலாயில்.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
அங்கேயே நின்று புரட்டினேன்.
டிராக்டர் டயருக்கு மூன்று விலைகள்.
யாரை ஏன் ஒதுக்கினோம் என்று
ஓரத்தில் மேனேஜரின் பென்சில்.
குத்தகைக்காரர்களின் மைகார்டு நகல்கள்,
முகம் கறுத்து, கண் மட்டும் வெளுத்து
ஒவ்வொருவரும் என்னையே பார்த்தார்கள்.
ஜெராக்ஸ் எடுத்தவளும் நானே.

கட்டுக்கு இருபது வெள்ளி கொடுத்தேன்.
மிச்சம் தர வந்தாள். நடந்துவிட்டேன்.
நாளைக்கு அவள் எதில் மடித்துத் தருவாள் என்பது
பாலம் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

குசினிக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினேன்.
எண்ணெய்த் தாள் நன்றாக எரிகிறது.
மூன்று கிலோ இருக்கும், அதிகம் போனால்.
மீதி இருபது
இந்த ஊரில் எந்தெந்த மேசையில்
சம்பல் துடைத்துக்கொண்டிருக்கிறதோ.
குணாளன் வியாழன்தோறும்
காக் ரொஸ்னா கடையில்தான் பசியாறுகிறான்.

காலையில் யாப்புக்கு நானே போன் செய்யவேண்டும்,
பழைய நோட்டில் இருக்கும்
அதே நம்பருக்கு.